செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்ட் டீசல்: ஆயில் மாத்தும்போது எஞ்சின் ஃபிளஷ் ஊத்தலாமா?

கேள்வி – வெள்ளைஸ்விஃப்ட்
2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல், 1248 சிசி, 1,10,000 கி.மீ. ஓடின செகண்ட் ஹேண்ட் வண்டி. 70,000-க்கு அப்புறம் சர்வீஸ் பில் எதுவும் இல்லை. டிப்ஸ்டிக்ல (ஆயில் அளவு பார்க்கற கம்பி) ஆயில் கன்னங்கரேல்னு இருக்கு. புகை இல்லை, ஆயில் குறையலை, ஆயில் லைட்டும் எரியலை. வொர்க்‌ஷாப்ல ஃபிளஷ் டின் (பழைய ஆயில்ல கலந்து ஓடவிட்டு உள் அழுக்கைக் கரைக்கற திரவம்) போட்டே ஆகணும்ங்கறாங்க. இன்னொரு மெக்கானிக், டின்னுக்குக் காசு தண்டம், அரை லிட்டர் டீசலை ஊத்தி பத்து நிமிஷம் ஓடவிட்டா போதும்ங்கறார். எது சரி?

பதில் – வால்வ்கவர்
கருப்பு நிறத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க. டீசல் எஞ்சின்ல புது ஆயில் ஊத்தின சில நாள்லயே கருத்துடும். எரியும்போது வர்ற புகைக்கரியை ஆயில் தனக்குள்ள பிடிச்சு வெச்சிருக்குன்னுதான் அர்த்தம், அது அதோட வேலை.

பார்க்க வேண்டியது ஃபில்லர் மூடி, அதாவது எஞ்சின்ல ஆயில் ஊத்தற இடத்து மூடி. கழட்டி உள்பக்கத்தைப் பாருங்க, டார்ச் அடிச்சு உள்ளே தெரியற பாகங்களையும் பாருங்க. பழுப்பா மெல்லிசா ஒரு படலம் மட்டும்னா வார்னிஷ், பயப்பட ஒண்ணுமில்லை. விரல்ல வழிச்சா ஜெல்லி மாதிரி திரண்டு வந்தா அதுதான் ஸ்லட்ஜ், கெட்டியாகிப்போன ஆயில் கசடு. வெள்ளையா க்ரீம் போல இருந்தா தண்ணி கலந்திருக்கு. குறைஞ்ச தூரம் மட்டும் ஓட்டற வண்டியில ஆவி படிஞ்சும் வரும், ஹெட் கேஸ்கெட் போனாலும் வரும். அங்கே முதல்ல கூலன்ட் அளவைப் பாருங்க, ஃபிளஷ் பேச்சே வேண்டாம்.

ஸ்லட்ஜ் திரண்டு கிடக்கற எஞ்சின்லதான் ஃபிளஷ் ரொம்ப ஆபத்து. பத்து நிமிஷத்துல எல்லாம் கரையாது, கட்டி கட்டியா பெயர்ந்து வந்து சம்ப்புக்குள்ள (எஞ்சின் அடியில ஆயில் நிக்கற தொட்டி) இருக்கற ஸ்ட்ரெய்னர் வலையை அடைக்கும். பம்ப்புக்கு ஆயில் வராது. அடி வாங்கறது டர்போ பேரிங், கேம், பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராடு கிராங்க்கோட சேர்ற இடத்து பேரிங்). இந்த எஞ்சின்ல டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கற டென்ஷனரும் ஆயில் பிரஷர்லதான் நிக்குது. அப்படிப்பட்ட வண்டிக்கு சம்ப்பைக் கழட்டி ஸ்ட்ரெய்னரைக் கழுவறதுதான் வழி.

பதில் – ஸ்பேனர்14
டீசல், மண்ணெண்ணெய் ரெண்டுமே வேண்டாம். ஆயிலைத் தண்ணியாக்கிடும், பேரிங்ல நிக்க வேண்டிய படலம் நிக்காது. டின்ல வர்றதும் பெரும்பாலும் கரைப்பான்தான், ஆனா கூட டிடர்ஜென்ட் இருக்கு, இவ்வளவு ஆயிலுக்கு இவ்வளவுன்னு கணக்கும் இருக்கு.

அந்தக் கணக்கைத்தான் பல வொர்க்‌ஷாப்ல பார்க்கறதில்லை. 300 மில்லி டின் பொதுவா 5 லிட்டர் ஆயில் வரைக்கும்னு போட்டிருப்பாங்க, அதாவது லிட்டருக்கு 60 மில்லி. உங்க எஞ்சின் சுமார் 3 லிட்டர்தான் பிடிக்கும், 180–200 மில்லி தாராளம். முழு டின்னையும் கவுக்க வேண்டாம். டிப்ஸ்டிக்ல ஏற்கெனவே மேக்ஸ் கோட்டுல இருந்தா முதல்ல அவ்வளவு ஆயிலை வடிச்சுட்டு ஊத்துங்க.

எஞ்சின் நல்லா சூடாகணும். ஆஃப் பண்ணிட்டு ஊத்தி, ஸ்டார்ட் பண்ணி, டின்ல போட்ட நேரம் மட்டும் (வழக்கமா 10 நிமிஷம்) ஐடில்ல விடுங்க. ஏசி போடாதீங்க, ரேஸ் பண்ணாதீங்க, வண்டியை நகர்த்தவே கூடாது. ஆயில் லைட் ஒரு தடவை மினுக்கினாலும் உடனே ஆஃப். அப்புறம் சூட்டோடயே சம்ப் அடியில ஆயிலை வடிக்கற டிரெய்ன் போல்ட்டைக் கழட்டி, சமதரையில குறைஞ்சது 20 நிமிஷம் சொட்டவிடுங்க. ஃபில்டர் கட்டாயம் புதுசு, ஓ-ரிங், டிரெய்ன் வாஷரும் புதுசு. அலுமினிய சம்ப்னா போல்ட்டை முரட்டுத்தனமா முறுக்காதீங்க, மரை போயிடும்.

பதில் – டைமிங்செயின்
வேற வண்டிக்காரங்களும் படிப்பாங்க, அதனால ஒண்ணு: ஈகோஸ்போர்ட் 1.0 ஈகோபூஸ்ட் மாதிரி டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளயே ஓடற எஞ்சின்ல ஃபிளஷ் ஊத்தாதீங்க. கரைப்பான் பட்டா பெல்ட் ரப்பர் ஊறி உதிரும், அந்தத் துகளும் போய் ஸ்ட்ரெய்னர்லதான் உட்காரும். பைக்லயும் ஊத்தாதீங்க, அதுல கிளட்ச் அதே ஆயில்ல நனையுது.

என் கணக்குல இந்த ஸ்விஃப்ட்டுக்கு ஃபிளஷ் தேவையே இல்லை. மேனுவல்ல சொன்ன கிரேடுல நல்ல ஆயில் ஊத்தி 3,000 கி.மீ.ல ஆயில் ஃபில்டரோட மாத்துங்க, அடுத்தது 5,000-ல. ஆயில்லயே டிடர்ஜென்ட் இருக்கு, மெதுவா கழுவும், கட்டி பெயராது. பழைய வண்டியில இன்னொரு தொல்லை: கெட்டிப்பட்டுப்போன ரப்பர் ஆயில் சீல் பக்கத்துல படிஞ்ச அழுக்குதான் சில நேரம் கசிவை அடைச்சு வெச்சிருக்கும். ஃபிளஷ் பண்ணின மறுவாரம் ஒழுக ஆரம்பிக்கும்.

வெள்ளைஸ்விஃப்ட்
மூடியைப் பார்த்தேன், பழுப்புப் படலம் மட்டும்தான். உள்ளே உலோகம் பளபளன்னு தெரியுது. கூலன்ட் குறையலை. அப்ப ஃபிளஷ் இல்லாமலே மாத்திடறேன். டிப்ஸ்டிக் குழாய் வழியா மெஷின்ல உறிஞ்சி எடுக்கறோம்ங்கறாங்க, சரியா?

பதில் – ஸ்பேனர்14
சரி, ஃபிளஷ்ஷை விட்டுடுங்க, டைமிங்செயின் சொன்ன மாதிரியே போங்க. ஆனா உறிஞ்ச விடாதீங்க. சரியான இடைவெளியில ஆயில் மாத்தற வண்டிக்கு அது ஓகே. நாற்பதாயிரம் கி.மீ.க்கு பில் இல்லாத வண்டியில கசடெல்லாம் சம்ப் அடியிலதான் இருக்கும், டிரெய்ன் போல்ட்டைக் கழட்டினாதான் வெளியே வரும். கடைசியா வடியற ஆயிலை வெள்ளைத் துணி மேல விட்டுப் பாருங்க. உலோகத் தூள் மினுக்கினா புது ஆயில் ஊத்தறதுக்கு முன்னாடி சம்ப்பைக் கழட்டச் சொல்லுங்க.