மாம்பழ சீசன் வந்தாலே வீடெல்லாம் பொடி ஈ, மருந்து அடித்தும் போகவில்லை. என்ன செய்வது?

கேட்டவர்: தோப்புவீடு_கிருஷ்ணகிரி

வணக்கம். எங்கள் வீடு கிருஷ்ணகிரி டவுனுக்குக் கொஞ்சம் வெளியே. மாமனாருக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் சின்ன மாந்தோப்பு இருக்கிறது, அதனால் வைகாசி பிறந்தால் ஸ்டோர் ரூமில் வைக்கோல் பரப்பி செந்தூரா, மல்கோவா என்று பழுக்கப் போட்டுவிடுவார்கள். கூடவே இந்தப் பொடி ஈயும் வந்துவிடும். சாப்பிடும் தட்டு, தோசை மாவுப் பாத்திரம், மாமியார் கரைத்து வைக்கும் கேழ்வரகுக் கூழ், எதைத் திறந்தாலும் அதன் மேல்தான். இந்த வருடம் மாடி பாத்ரூம் சுவரிலும் கறுப்பாக உட்கார்ந்திருக்கிறது, அங்கே பழம் எதுவும் போவதில்லை, எப்படி வந்தது என்றே புரியவில்லை.

கடையில் விற்கும் ஸ்பிரே அடித்தால் அப்போதைக்கு விழுகிறது, ஒரு வாரம் போனால் பழையபடி. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் மரத்தில் கட்டும் பழ ஈப் பொறி ஒன்றைக் கொடுத்தார், சமையலறையில் தொங்கவிட்டேன், ஒன்றுகூட உள்ளே போகவில்லை. வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் மேலும் மேலும் மருந்து அடிக்கவும் பயமாக இருக்கிறது. இது எங்கிருந்துதான் வருகிறது? மாம்பழத்துக்குள் இருக்கும் புழுதான் இப்படி ஈயாக வருகிறது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள், உண்மையா?

பதில்: சேலம்ரோடு

சாயங்காலம் கற்பூரம் ஏற்றுங்கள், சாக்கடையில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். எங்கள் பாட்டி அதைத்தான் செய்வார், ஈ கிட்டேகூட வராது.

பதில்: விலங்கியல்_தருமபுரி

மண்ணெண்ணெய் வேண்டாம் சார், குழந்தை இருக்கும் வீடு. அடுப்பெரியும் வீட்டுக்குள் சாக்கடை வழியாக அந்த ஆவி ஏறுவது நல்லதல்ல. கற்பூரப் புகைக்கு ஈ கொஞ்ச நேரம் அடுத்த அறைக்குப் போகும், அவ்வளவுதான்.

தோப்புவீடு அக்கா, நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் வீட்டில் இரண்டு வேறு ஈக்கள் இருப்பதாகத் தோன்றுகிறது. கல்லூரியில் விலங்கியல் எடுக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சமையலறையில் பழத்தையும் மாவையும் சுற்றுவது டிரோசோஃபிலா. 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், உடம்பு மஞ்சள் கலந்த பழுப்பு, கண் சிவப்பு. மார்கன் என்ற விஞ்ஞானி இதை வைத்துத்தான் மரபியல் ஆராய்ச்சி செய்து 1933ல் நோபல் பரிசு வாங்கினார். பழம் அழுகும்போதும் மாவு புளிக்கும்போதும் ஈஸ்ட் வளர்கிறது இல்லையா, இதற்கு வேண்டியது அந்த ஈஸ்ட்தான். பரிசோதனைக் கூடத்தில் நாங்கள் இதை ரவையும் வெல்லமும் அகரும் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஜெல்லி) காய்ச்சி மேலே ஈஸ்ட் தூவித்தான் வளர்க்கிறோம். அதாவது நம் சமையலறையில் வெல்லப்பாகு ஒழுகின டப்பாவும் கழுவாத மாவுப் பாத்திரமும் இருந்தால் போதும், பழமே வேண்டாம். 25 டிகிரி வெப்பத்தில் முட்டை ஈயாக 10 நாள் ஆகும், ஒரு பெண் ஈ வாழ்நாளில் சில நூறு முட்டை இடும். நீங்கள் ஸ்பிரே அடித்தது பறக்கிறதை மட்டும் கொன்றது. பழச்சாற்றில் ஊறிய வைக்கோலுக்கு அடியில் புழுவும் கூட்டுப்புழுவும் அப்படியே இருக்கும், அடுத்த வாரம் அதுதான் பறக்கிறது.

மாடி பாத்ரூமில் இருப்பது சாக்கடை ஈயாக இருக்க வேண்டும். கிட்டப் போய்ப் பாருங்கள், இறக்கை அகலமாக, மயிர் மூடி, குட்டி அந்துப்பூச்சி மாதிரி இருக்கும், விரட்டினால் நன்றாகப் பறக்காது, தத்தித் தத்திப் பக்கத்திலேயே உட்காரும், நசுக்கினால் சாம்பல் பொடி ஒட்டும். இது வடிகாலுக்குள் பைப் சுவரில் படிந்திருக்கும் வழுவழுப்பான அழுக்கில் முட்டையிடுகிறது. பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சந்தேகம் இருந்தால் ராத்திரி படுக்கும் முன் வடிகால் ஜாலியின் மேல் செல்லோ டேப்பை ஒட்டும் பக்கம் கீழே இருக்கும்படி, காற்றுப் போக இடம் விட்டு ஒட்டுங்கள். காலையில் ஈ ஒட்டியிருந்தால் இடம் அதுதான். ஒரு ராத்திரி ஒட்டாவிட்டால் அடுத்தடுத்த ராத்திரியும் பாருங்கள்.

இரண்டுமே கடிக்காது. ஆனால் அழுக்கில் உட்கார்ந்த காலோடு சாப்பாட்டில் உட்காருவதால் மூடித்தான் வைக்க வேண்டும்.

பதில்: மாங்கொட்டாய்

அம்மா, மாம்பழப் புழுவைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு நான் பதில் சொல்கிறேன், முப்பாட்டன் காலத்திலிருந்து மா விவசாயம்தான். மாம்பழத்தை அறுத்தால் உள்ளே நெளிகிற புழு வேறு ஈயினுடையது. அந்த ஈ கிட்டத்தட்ட வீட்டு ஈ அளவுக்கு இருக்கும், மஞ்சள் கோடு போட்டு குளவி ஜாடையில் தெரியும், பழம் மரத்தில் இருக்கும்போதே தோலைத் துளைத்து முட்டை வைத்துவிடும். நன்றாக இருக்கிற பழத்தையே கெடுப்பது அதுதான். 2014ல் ஐரோப்பாக்காரர்கள் நம் நாட்டு மாம்பழமே வேண்டாம் என்று நிறுத்தினார்களே, இந்த ஜாதி ஈ பழத்தில் இருந்ததால்தான், அடுத்த வருடம்தான் மறுபடி வாங்கினார்கள். இப்போது ஏற்றுமதிப் பழத்தை 48 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் முக்கி எடுப்பதும் அதற்காகத்தான்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் கொடுத்த பொறியில் மீதைல் யூஜினால் இருக்கும். அந்த வாசனைக்குத் தோப்பு ஈயில் ஆண் மட்டும்தான் வரும். சமையலறைப் பொடி ஈ அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பொறியைத் தோப்பிலேயே கட்டிவிடுங்கள், அங்கே அதற்கு வேலை இருக்கிறது. கீழே விழுந்த பழத்தையும் விட்டுவைக்காமல் பொறுக்கிக் குழியில் ஆழமாகப் புதையுங்கள், அந்தப் புழு மண்ணுக்குள் போய்த்தான் கூடு கட்டும்.

வீட்டில் பழுக்க வைக்கிறதற்கு: அடிபட்டது, காம்புப் பக்கம் கறுத்தது, வெடித்தது எல்லாம் அன்றைக்கே ஊறுகாய்க்கோ மாட்டுக்கோ போகட்டும், மற்றதோடு வைக்காதீர்கள். நல்ல காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒற்றை அடுக்காகப் போடுங்கள், குவியல் போட்டால் அடியில் ஒன்று அழுகினால் தெரியாது. தினமும் ஒருமுறை கை வைத்துப் பார்க்க வேண்டும். வைக்கோல் ஒருமுறை சாறு குடித்துவிட்டால் அதைத் தூக்கி எருக்குழியில் போடுங்கள், மறுபடி பயன்படுத்த வேண்டாம். கோணிப்பையும் அப்படித்தான். கொட்டையையும் தோலையும் சமையலறைக் குப்பைக் கூடையில் ராத்திரி விடவே கூடாது.

பதில்: மாடித்தோட்டம்_ஓசூர்

ஜன்னலோரம் தொட்டிச் செடி ஏதாவது இருக்கிறதா? எங்கள் வீட்டில் இதே தொல்லைக்குக் காரணம் தென்னை நார்க் கழிவில் வைத்த செடிகள்தான். கறுப்பாக, மெலிந்து, கால் நீளமாகக் கொசு போல இருக்கும், ஈர மண்ணில் முட்டை வைக்கும். மேல் மண் ஒரு அங்குலம் காய்ந்த பிறகுதான் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் தானாகக் குறைந்துவிடும். மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்று நட்டால் பறக்கிறதும் மாட்டும்.

பதில்: குழாய்வேலை_பாலக்கோடு

மேடம், மாடி பாத்ரூம் தினமும் புழக்கத்தில் இருக்கிறதா, சும்மா கிடக்கிறதா? சும்மா கிடந்தால் தரையில் இருக்கும் நாணி டிராப்பில், அதாவது ஜாலிக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும் கிண்ணத்தில், தண்ணீர் வற்றியிருக்கும். அந்தத் தண்ணீர்தான் அடைப்பு, அது வற்றினால் கீழே சேம்பரில் (சாக்கடைத் தொட்டியில்) இருக்கிற ஈ, நாற்றம், கரப்பான் எல்லாம் நேரே மேலே ஏறும். வாரம் ஒருமுறை இரண்டு மக் தண்ணீர் ஊற்றினால் போதும். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் தண்ணீர் ஊற்றி அதன் மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள், சீக்கிரம் வற்றாது.

சமையலறை சிங்க் அடியிலும் குனிந்து பாருங்கள். பாத்திர வேஸ்ட் ஹோஸை தரைப் பைப்புக்குள் சும்மா சொருகிவிட்டுப் போயிருப்பார்கள், சுற்றிலும் விரல் நுழைகிற இடைவெளி இருக்கும். பாதி வீட்டில் அந்த வழியாகத்தான் வருகிறது. ரப்பர் வாஷர் போடலாம், எம்சீல் வைத்தும் அடைக்கலாம், ஆனால் அடுத்த தடவை கழற்றுகிறவன் திட்டுவான்.

உள்ளே சுத்தம் செய்ய வேண்டுமென்றால் ஜாலியைக் கழற்றி, நீள பிரஷ் விட்டுச் சுவரைத் தேய்க்க வேண்டும், வேறு குறுக்கு வழி கிடையாது. கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் மேலோட்டமாகப் போகும், பிவிசி பைப் ஜாயின்ட்டும் இளகும். சோடா உப்பும் வினிகரும் ஊற்றி நுரை வரச் செய்கிறார்களே வீடியோவில், இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிட்டுப் பொங்குவதோடு சரி, அழுக்கு அப்படியே இருக்கும். இன்னொன்று, இதை மட்டும் மறக்காதீர்கள்: பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடின பாத்ரூமில் அது நெஞ்சை அடைத்துவிடும்.

கேட்டவர்: தோப்புவீடு_கிருஷ்ணகிரி

எல்லோருக்கும் நன்றி. மாடி பாத்ரூமை யாரும் புழங்குவதில்லை, மைத்துனர் வந்தால்தான். போய்ப் பார்த்தேன், டிராப் காய்ந்துதான் கிடந்தது. டேப்பிலும் அந்த மயிர் இறக்கை ஈதான் ஒட்டியிருந்தது. ஸ்டோர் ரூமில் வைக்கோலைத் தூக்கினால் கீழ் அடுக்கு முழுக்க ஈரம், சின்னச் சின்ன வெள்ளைப் புழு. மாமனாரே அதைப் பார்த்துவிட்டு, இனிமேல் தட்டியில் ஒற்றை அடுக்காகத்தான் என்று சொல்லிவிட்டார். தொட்டிச் செடி வீட்டுக்குள் இல்லை.

இப்போது பறந்துகொண்டிருக்கிறதைப் பிடிக்க என்ன வைக்கலாம்? வினிகர் வைக்கச் சொல்கிறார்கள், எங்கள் வீட்டில் வினிகர் கிடையாது. கூழ் வைத்தால் வருமா?

பதில்: விலங்கியல்_தருமபுரி

தாராளமாக வரும், புளித்த வாசனைதான் முக்கியம். ஒரு கண்ணாடி டம்ளரில் பழைய கூழ்த்தண்ணீர் கொஞ்சம், ஒரு துண்டு மாம்பழத் தோல், துளி வெல்லம். மேலே பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விடுங்கள், அது இல்லாவிட்டால் ஈ தண்ணீர் மேல் உட்கார்ந்து குடித்துவிட்டுப் பறந்துவிடும், சோப்பு இருந்தால் மூழ்கும். பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, கூர் முனையில் சின்ன ஓட்டை விட்டு டம்ளரில் கவிழ்த்துச் சொருகுங்கள். குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டிவிட்டு மாற்ற வேண்டும், விட்டுவிட்டால் அந்த டம்ளரிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். வைக்கோலை எடுத்த நாளிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாள்வரை கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டுதான் இருக்கும், ஏற்கனவே கூட்டுப்புழுவாகச் சுவரோரம் போனது எல்லாம் வெளியே வர வேண்டுமே. அதன் பிறகும் குறையவில்லையென்றால் தரை துடைக்கும் மாப்பையும் கைப்பிடித் துணியையும் பாருங்கள், பழச்சாற்றைத் துடைத்துவிட்டு ஈரமாக மூலையில் போட்டிருந்தால் அதிலும் புழு இருக்கும்.

பதில்: குழாய்வேலை_பாலக்கோடு

ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் அடியில் தண்ணீர் சேர்கிற தட்டு ஒன்று உண்டு, அதையும் இழுத்துக் கழுவிவிடுங்கள் மேடம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு.