டிசி போயிருக்கு, இன்வேர்டு வரலீங்க: விட்டுப்போனதை எப்படிப் பிடிக்கிறது?

வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில கணக்குப் பார்க்கறேன். சாயப்பட்டறைக்குத் துணி அனுப்பின டிசி (டெலிவரி சலான், சரக்கு அனுப்புற சீட்டு) டேட்டாபேஸ்ல ஒரு டேபிள், திரும்பி வந்த இன்வேர்டு (சரக்கு வரவுப் பதிவு) இன்னொண்ணு. திரும்பாத டிசி எதுன்னு எடுக்கோணும்.

குவெரியில 'நாட் இன்' (அந்தப் பட்டியல்ல இல்லாததைக் காட்டுன்னு அர்த்தம்) போட்டேன், ஒரு வரிசைகூட வரல. எல்லாம் வந்துருச்சுன்னு ஓனர்கிட்ட சொல்லியும் போட்டேனுங்க! அப்புறம் பார்த்தா இன்வேர்டுல நாலு இடத்துல டிசி நம்பர் 'நல்'லுன்னு (மதிப்பே இல்லாம காலியா) கிடக்குது. அது ஒண்ணு இருந்தாலே 'நாட் இன்' எதையும் காட்டாதுங்க. பேருதான் நல், பண்றது பூராக் கெட்ட வேலை.

'நாட் எக்ஸிஸ்ட்ஸ்'க்கு (பொருந்துற வரிசை இல்லாததை எடுக்கறது) மாத்துனதும் திரும்பாத டிசி 37 காட்டுச்சு. ஆனா ஏப்ரல் ஆச்சுன்னா டிசி நம்பர் மறுபடி 1ல ஆரம்பிக்குமுங்க. போன வருச 212 வந்திருந்தா இந்த வருச 212ம் வந்த கணக்காயிடுது. இன்வேர்டுல டிசி தேதி கிடையாது, துணி வந்த தேதி மட்டுந்தான். டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் 5.7, அதுல ஒரு பட்டியல்ல இருந்து இன்னொண்ணைக் கழிக்கிற 'எக்செப்ட்'டும் இல்ல.

எதை வெச்சு ரெண்டு டேபிளையும் ஜாயின் பண்றதுங்க? தெரிஞ்ச அண்ணா, அக்கா யாராச்சும் சொல்லுங்க.