தெர்மல் பேட் மாற்றியபின் ஹாட்ஸ்பாட் 101 டிகிரி – உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. கிராபிக்ஸ் கார்டில் சூட்டைக் கடத்தும் பேஸ்ட், பேட் இரண்டையும் மாற்றியபின், முழு லோடில் ஜிபியு (கார்டின் முக்கியச் சிப்) 68 டிகிரி, ஹாட்ஸ்பாட் (அந்தச் சிப்பில் மிகச் சூடான இடம்) 101. வித்தியாசம் 33. வழக்கமாக 10 முதல் 20க்குள்தான் இருக்கும்.

மெமரி சிப்களில் 1.5 மி.மீ. பேட் இருந்த இடத்தில் இப்போது 2 மி.மீ. உள்ளது. அது போதிய அளவு அமுங்காமல், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கை ஜிபியு மேல் சரியாகப் படியவிடாமல் தூக்கிப் பிடிக்கிறது என்று சந்தேகம். கழற்றிப் பார்த்தால் பேஸ்ட் ஒரு பக்கம் மெல்லியதாகவும், எதிர் மூலையில் தடிப்பாகவும் பதிந்திருக்கிறது.

ஸ்க்ரூவை இன்னும் இறுக்கச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. ஜிபியு மேல்மூடி இல்லாத சிலிக்கான். மூலை சில்லு பெயர்ந்தால் கார்டே போச்சு. போர்டு வளைந்தால் மெமரிக்கு அடியில் சோல்டர் விரிசல் விடும். பேஸ்டுக்குப் பதில் லிக்விட் மெட்டலும் (திரவ உலோகம்) வேண்டாம்: மின்சாரம் கடத்தும், அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும்.

கேள்வி இதுதான்: மென்மையான 1.5 மி.மீ. பேடுக்கே திரும்பலாமா, அல்லது இடைவெளிக்கு ஏற்ப அமுங்கும் தெர்மல் புட்டி (சூட்டைக் கடத்தும் களிமண் போன்ற பொருள்) நல்லதா? கார்டைச் செங்குத்தாக மாட்டியிருப்பவர்களுக்குப் புட்டி நாளடைவில் வழிகிறதா? மின்னழுத்தத்தைச் சீராக்கும் விஆர்எம் பகுதிக்கு என்ன தடிமன் பேட் வைத்தீர்கள், எப்படி அளந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.