நூற்றுக்கு 93 பேர் திருடர்களா? கணக்கைக் காட்டுங்கள்

கெடிலக்கரையான்
நேற்று இந்தக் கேம் குழுவில் புஸ்ஸி வீதி என்ற பெயரில் இருப்பவர் எழுதியது இது: "யுபிசாஃப்ட் கேம் கம்பெனி இன்றைக்குக் காசுக்குத் திண்டாடுகிறது என்றால் அதற்குத் திருட்டு காப்பி ஆடுகிறவர்கள்தான் காரணம். பிசியில், அதாவது கம்ப்யூட்டரில், கேம் ஆடுகிறவர்களில் நூற்றுக்கு 93 பேர் திருட்டு காப்பி. காப்பி எடுக்க முடியாதபடி கேமுக்குப் பூட்டுப் போடாமல் வேறு என்ன செய்வார்கள்?"

படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. மூவாயிரத்துக்கு மேல் கொடுத்து ஒரு கேம் வாங்கும் எங்களையும் சேர்த்துத் திருடன் பட்டியலில் வைத்துவிட்டு எப்படித் தூக்கம் வருகிறதோ தெரியவில்லை.

பூட்டு யாரைக் கடித்தது என்று பார்ப்போம். யுபிசாஃப்டின் அசாசின்ஸ் க்ரீட் 2 பிசிக்கு 2010 மார்ச்சில் வந்தது. ஒருவர் மட்டும் ஆடும் கதை. ஆனாலும் அப்போது ஆடும் நேரம் முழுக்க இணையம் இருந்தாக வேண்டியிருந்தது. நடுவில் லைன் போனால் கேம் நின்றுவிட்டது, கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து மறுபடி ஆட வேண்டியிருந்தது. வந்த சில நாளிலேயே, மார்ச் 7 அன்று, அவர்களுடைய சர்வரை யாரோ தாக்கி முடக்கினார்கள். காசு கொடுத்தவன் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடுத்த மாதமே பூட்டை உடைத்த காப்பி வெளியே வந்துவிட்டது. திருடினவனுக்கு இணையமும் வேண்டாம், சர்வரும் வேண்டாம்.

இப்போது சொல்லுங்கள், 93 என்ற எண் எங்கிருந்து வந்தது?

புஸ்ஸி வீதி
எண் என்னுடையது இல்லை. 2012 ஆகஸ்டில் யுபிசாஃப்டின் தலைவர் ஈவ் கியமோ தன் வாயாலேயே சொன்னது. பிசியில் 93 முதல் 95 சதவீதம் திருட்டு என்றார். தன் கம்பெனி விற்பனை அவருக்குத் தெரியுமா, கெடிலக்கரையில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரியுமா?

கெடிலக்கரையான்
அவர் எந்தப் பேச்சில் அதைச் சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இலவச கேம்களைப் பற்றிப் பேசும்போது சொன்னது. இலவச கேமில் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பேர் காசு கொடுப்பார்கள், சாதாரண பிசி கேமிலும் அவ்வளவு பேர்தான் கொடுக்கிறார்கள், அதனால் இரண்டும் ஒன்றுதான் என்றார். கணக்குத் தாள் எதையும் நீட்டவில்லை. நான் கேட்பது அந்தத் தாளைத்தான்.

பாகூர் பையன்
அண்ணா, 93 இருக்கட்டும். த க்ரூ வாங்கினவர்களைப் பற்றி யாரும் பேச மாட்டீர்களா? 2014 டிசம்பரில் வந்த கார் கேம். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள், 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். அதற்கப்புறம் வாங்கியவர்களுடைய கணக்கிலிருந்து உரிமத்தையே எடுத்தார்கள். டிஸ்க் கையில் இருக்கிறது, ஓடாது. அமெரிக்காவில் வழக்குப் போட்டவர்களிடம், நீங்கள் வாங்கியது உரிமம்தான், கேம் இல்லை என்று வாதாடினார்கள். திருட்டு காப்பிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

புஸ்ஸி வீதி
தம்பி, த க்ரூ 2-க்கு 2025-ல் ஆஃப்லைன் வசதி கொடுத்தார்களே, அதை ஏன் விட்டுவிட்டாய்?

பாகூர் பையன்
ராஸ் ஸ்காட் என்பவர், விற்ற கேமை முடக்கக் கூடாது என்று 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் தொடங்கி, ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து வாங்கிய அப்புறம்தானே கொடுத்தார்கள்? தானாகக் கொடுத்த மாதிரிப் பேசாதீர்கள்.

கெடிலக்கரையான்
தம்பி சொல்வது சரி. ஆனால் 93-லிருந்து யாரும் நழுவ வேண்டாம்.

கம்பெனி எதில் அடிபட்டது என்று வரிசையாகப் பாருங்கள். ஸ்கல் அண்ட் போன்ஸ், 2024 பிப்ரவரி. இணையம் இல்லாமல் ஓடாது, எல்லாமே சர்வரில். அது எடுபடவே இல்லை. எக்ஸ்டிஃபையன்ட், முழுக்க இலவச கேம். 2025 ஜூனில் மூடினார்கள், அதை நம்பியிருந்த ஸ்டுடியோக்களும் மூடப்பட்டன. இலவசமாகக் கொடுத்ததை எவன் திருடினான்? அந்த 93 பேர் இங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

2018-ல் நூறு யூரோவைத் தாண்டிய யுபிசாஃப்ட் பங்கின் விலை, 2024 செப்டம்பரில் பத்து யூரோ பக்கம் கிடந்தது. 2025 மார்ச்சில் சீனக் கம்பெனி டென்சென்ட் 116 கோடி யூரோ போடுவதாக அறிவித்தது. அசாசின்ஸ் க்ரீட், ஃபார் க்ரை, ரெயின்போ சிக்ஸ் மூன்று கேம் வரிசையையும் வைத்துத் தொடங்கிய புதுக் கம்பெனியில் கால் பங்கு அவர்களுக்கு. 2026 ஜனவரியில் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா ரீமேக் உட்பட ஆறு கேமை ஒரே மூச்சில் ரத்து செய்தார்கள். பங்கின் விலை ஒரே நாளில் மூன்றில் ஒரு பாகத்துக்கு மேல் சரிந்தது. இதில் எந்த வரியில் திருட்டு காப்பி வருகிறது?

புஸ்ஸி வீதி
மோசமான கேம் ஓடவில்லை என்பதற்கும் நல்ல கேமைத் திருடுகிறார்கள் என்பதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். அசாசின்ஸ் க்ரீட் ஆரிஜின்ஸ் 2017 அக்டோபரில் வந்தது. டெனுவோ என்ற பூட்டைப் போட்டு, அதற்கு மேல் இன்னொரு அடுக்கும் போட்டார்கள். உடைய பிப்ரவரி ஆனது. ஒரு கேமுக்கு விற்பனை வருவதே முதல் சில வாரங்களில்தான். அந்த வாரங்களைக் காப்பாற்றிக்கொண்டால் போதும். இந்தக் கணக்கு உங்களுக்குப் புரியாது, ஏனென்றால் நீங்கள் எதையும் உருவாக்கி விற்றதில்லை.

அவர்கள் ஒன்றும் ஆகாயத்திலிருந்து குதித்தவர்கள் இல்லை. பிரித்தானியில் விவசாயப் பொருள் வியாபாரம் செய்த குடும்பத்தின் ஐந்து அண்ணன் தம்பிகள் 1986-ல் தொடங்கியது. விவாண்டி மாதிரி ஒரு பெரிய கம்பெனி விழுங்கப் பார்த்தபோதும் நின்று காட்டினார்கள். பிரெஞ்சுக்காரர்களின் உழைப்பு எங்கள் புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும்.

முதுநகர்க்காரி
பிரெஞ்சுப் பெருமையை இங்கே எதற்கு இழுக்கிறீர்கள்? தெருப் பெயர்ப் பலகையில் பிரெஞ்சு இருந்தால் கம்பெனியில் உங்களுக்குப் பங்கு வந்துவிடுமா?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியது. உங்கள் ஊரில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அப்புறம் சாத்தனூர் அணையைத் திறந்துவிட, இங்கே கடலூரில் தென்பெண்ணைக் கரையோரம் முழுக்கத் தண்ணீர். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது, லேப்டாப் ஓடியது, செல்போன் டவர் செத்துவிட்டது. தம்பிக்குப் பயம் தெரியாமல் இருக்கட்டும் என்று, முழுக்க இறக்கி வைத்திருந்த ஒரு கேமைத் திறந்தேன். எந்தக் கம்பெனியுடையது என்று இங்கே சொல்லப்போவதில்லை. 'கணக்கைச் சரிபார்க்க இணையத்தில் இணையவும்' என்று ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. 'மீண்டும் முயல்' என்று ஒரு பொத்தான், 'வெளியேறு' என்று ஒரு பொத்தான். மூன்றாவது பொத்தானே கிடையாது. ரசீது என் மெயிலில் இருக்கிறது. அந்த மெயிலைத் திறக்கவும் இணையம் வேண்டும்.

டிக்கெட் எடுத்தவனைப் படத்துக்கு நடுவில் எழுப்பி, டிக்கெட் எங்கே என்று கேட்கிற மாதிரி இருக்கிறது இவர்கள் வியாபாரம்.

புஸ்ஸி வீதி
புயல் வருடத்தில் ஒரு நாள். வருடம் முழுக்க நடக்கும் திருட்டு?

கெடிலக்கரையான்
புயல் ஒரு நாளா? 'தானே' புயல் அடித்தபோது, 2011 டிசம்பர் 30, கடலூர் மாவட்டத்தில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. உங்கள் ஊரும்தான் அடிபட்டது, மறந்துவிட்டதா?

புயல்கூட வேண்டாம். 2012 பிப்ரவரியில் யுபிசாஃப்ட் தன் சர்வரை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு மாற்றியது. மாற்றி முடிக்கும்வரை ஹாக்ஸ் 2, செட்லர்ஸ் 7 போன்ற கேம்கள் பிசியில் ஓடவில்லை. வீடு மாற்றினது அவர்கள், தெருவில் நின்றது நாம்.

2008-ல் நடந்ததும் இருக்கிறது. ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2-ஐ டவுன்லோடாக வாங்கினவர்களிடம் புது பேட்ச் (கேமைத் திருத்தும் ஃபைல்) 'டிஸ்க் எங்கே' என்று கேட்டது. டவுன்லோடில் வாங்கினவனிடம் ஏது டிஸ்க்? அதைச் சரிசெய்ய யுபிசாஃப்ட் தன் தளத்திலேயே ஒரு ஃபைல் போட்டது. திறந்து பார்த்தால் உள்ளே ரீலோடட் குழுவின் பெயர். திருட்டுக் குழு பூட்டை உடைக்கச் செய்த கிராக்கை எடுத்து அப்படியே கொடுத்திருக்கிறார்கள். 93 பேரைத் திருடன் என்ற கம்பெனி, 94-வதாகத் தானே போய் வரிசையில் நின்றது.

புஸ்ஸி வீதி
யாரோ ஓர் ஊழியர் செய்த வேலை, தெரிந்ததும் எடுத்துவிட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு தொங்குங்கள்.

திருட்டைப் பற்றிக் கடலூர்க்காரர்கள் எனக்குப் பாடம் எடுப்பதுதான் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் ஏறி வந்து, காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பிளாஸ்டிக் உறை போட்ட சிடியைக் கட்டாக வாங்கிக்கொண்டு போனது யார்?

கெடிலக்கரையான்
வாங்கினது நாங்கள் என்றால் விற்றது யார்? கடை யார் ஊரில் இருந்தது?

அப்போது பிசி கேம் முறையாக விற்கும் கடை இந்தப் பக்கம் எங்கே இருந்தது? இன்றைக்கு ஸ்டீம் என்ற கேம் விற்கும் தளத்தில் யுபிஐயிலேயே காசு கட்டலாம், கட்டுகிறோம். வசதியாகக் கொடுத்தால் மனிதன் வாங்குவான். போலந்துக் கம்பெனி ஒன்றின் தி விட்சர் 3, 2015. ஜிஓஜி விற்பனைத் தளத்தில் முதல் நாளிலிருந்தே பூட்டே இல்லாமல் விற்றார்கள். யார் வேண்டுமானாலும் காப்பி எடுக்கலாம். ஐந்து கோடிக்கு மேல் விற்றது. போலந்துக்காரனிடம் மட்டும் அந்த 93 பேர் ஏன் போகவில்லை?

புஸ்ஸி வீதி
ஐந்து கோடியில் பிசி இல்லாமல், டிவியில் மாட்டி ஆடும் கன்சோலுக்கு விற்றது எவ்வளவு என்று சொல்லாமல் எண்ணை வீசுகிறீர்கள். கன்சோலில் பூட்டு இல்லையா? என்னிடம் கணக்குத் தாள் கேட்டீர்களே, இப்போது உங்கள் தாளைக் காட்டுங்கள்.

கெடிலக்கரையான்
முதலில் கேட்டவன் நான். 93-க்குத் தாள் வரட்டும்.

பாகூர் பையன்
அண்ணா, இரண்டு பேரும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். த க்ரூ பற்றி நான் கேட்டதற்குப் பதில் வரவே இல்லை.

புஸ்ஸி வீதி
கெடிலக்கரையானுக்கு என் மேல் ஏன் இவ்வளவு கோபம் என்று எல்லோருக்கும் தெரியட்டும். என்னிடம் ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கினார். மழைக்காலத்தில் சரியாக வைத்துக்கொள்ளாமல் கெடுத்துவிட்டு, அன்றிலிருந்து நான் எதை எழுதினாலும் பின்னாலேயே வருகிறார்.

கெடிலக்கரையான்
கார்டு விஷயத்தைப் பேசலாம், எனக்கு ஒன்றும் வெட்கமில்லை. கேம் மட்டும்தான் ஆடினேன் என்று சொல்லி விற்றீர்கள். பிரித்துப் பார்த்தால் தெர்மல் பேடு எண்ணெய் கக்கி, ஃபேன் அச்சு தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. கிரிப்டோ காசு எடுக்கும் மைனிங்கில் இரவும் பகலும் ஓடின கார்டுதான் அப்படி இருக்கும். ஒன்றைச் சொல்லி வேறொன்றை விற்கிறவருக்கு யுபிசாஃப்ட் பிடிப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

முதுநகர்க்காரி
என் அண்ணனும் இவரிடம் ஒரு மானிட்டர் வாங்கினான். அதைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

புஸ்ஸி வீதி
மானிட்டர், கார்டு எல்லாவற்றுக்கும் தனித் திரி திறவுங்கள், நான் பேசின சாட் எல்லாவற்றையும் அங்கே போடுகிறேன். 93-ல் நான் ஒரு புள்ளிகூடக் குறைக்கப்போவதில்லை.

கெடிலக்கரையான்
திரி திறந்தாகிவிட்டது. கார்டின் உள்பக்கப் படம் மூன்றும் அங்கே இருக்கிறது. தாள் கிடைத்தால் இங்கேயே போடுங்கள், காத்திருக்கிறேன்.