பொருள்: உணர்தொடர்பா, துழாவுதொடர்பா? (திங்கள் மாலைக்குள்!)

செ.:
வணக்கம். முதுகலைப் பாடக்குறிப்பு திங்கள் மாலை அச்சுக்குப் போகிறது. ஒரே அலையில் தரவும் அனுப்பி ராடார் வேலையும் பார்க்கும் முறைக்குப் பெயர் வேண்டும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2023இல் ஆறாம் தலைமுறைக் கைபேசி வலையமைப்புக்கு (6ஜி) வகுத்த ஆறு பயன்பாடுகளில் இதுவும் ஒன்று. ‘உணர்தொடர்பு’ என்று போட்டிருக்கிறேன். இடறுவது குறிப்பின் தரவுப் பாதுகாப்புப் பகுதியில்தான். ட்ரோனைக் கண்டுபிடிக்கக் கைபேசிக் கோபுரம் அதன்மேல் கற்றையைக் குவிக்கிறது. அதே கற்றையில் வேறொருவருக்கான தரவும் போகிறது. ட்ரோனே ஒட்டுக்கேட்டால்?

ம.:
உணர்தொடர்பு காதல் கடிதம்போல இருக்கிறது. ‘வேவுத்தொடர்பு’ என்க. ஒற்றாடலுக்கு வள்ளுவர் தனி அதிகாரமே வைத்திருக்கிறார்.

பு.:
வேவு பார்ப்பது யார் ஐயா? கோபுரம் ட்ரோனைப் பார்க்கிறது, ட்ரோன் கோபுரத்தைக் கேட்கிறது. இருவருமே ஒற்றர் என்றால் மாணவர் குழம்பிப்போவார். ‘துழாவுதொடர்பு’ என் பரிந்துரை. இருட்டில் கைவிட்டுத் தேடுவதுதானே ராடார்? வினைத்தொகை, நடுவே ‘த்’ போட்டுவிடாதீர்கள்.

ம.:
துழாவுதல் கிண்டுதல். குறுந்தொகை 167இல் தலைவி ‘தான்துழந்து அட்ட’ புளிப்பாகர் நினைவில்லையா? துழ, துழவு, துழாவு. துடுப்பும் இதே வேரோ என்று எனக்கு நெடுநாள் ஐயம்...

கு.:
குழம்பு இருக்கட்டும் ஐயா. ஆய்வகத்தில் நாங்கள் ‘ஐசாக்’ (ISAC, Integrated Sensing and Communication) என்போம். அடைப்புக்குறியில் அதையும் போடுங்கள். எனக்கு உறுத்துவது, ஒன்றைப் பெற இன்னொன்றை இழப்பதற்குக் (trade-off) குறிப்பில் உள்ள ‘சமநிலை’ என்ற சொல். இலக்கான ட்ரோனை நோக்கிச் செயற்கை இரைச்சலை அனுப்பினால் அதன் காது அடைபடும். அனுப்பிய இரைச்சல் இன்னதென்று கோபுரத்துக்குத் தெரியும், அதனால் எதிரொலி ராடாருக்கும் உதவும். ஆனால் மொத்தத் திறன் ஒன்றே. இரைச்சலுக்குக் கொடுத்த வாட் பயனருக்குக் கிடைக்காது, வேகம் குறையும். தட்டு நேராக நிற்பதில்லை. ‘இழுபறி’ என்றால் வகுப்பில் உடனே விளங்கும்.

ம.:
இழுபறி தேர்தல் முடிவுக்கு. ‘ஈட்டிழப்பு’ என்க.

பு.:
அதற்கு ஓர் உரையாசிரியர் வேண்டும்.

செ.:
துழாவுதொடர்பு (ஐசாக்), இழுபறி. மூவர் ஆதரவு, ஒருவர் மறுப்பு. அனுப்பிவிட்டேன்.

ம.:
மறுப்பைப் பதிவு செய்க. ‘இரைச்சல்’ என்பதும் சரியில்லை. ‘அரவம்’ பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.