சிபிஇ கிருமி: எல்லாருக்கும் சுவாப் எடுப்பதா, சிங்க்கைக் கவனிப்பதா?

தெம்பனிஸ்_தாதி:
சி வகுப்பு (பலர் சேர்ந்து தங்கும் பொது) வார்டில் ஒருவரிடம் சிபிஇ, அதாவது கடைசிக் கட்ட மருந்தை உடைக்கும் நொதி கொண்ட குடல் கிருமி, அதிலும் ஓக்ஸா-48 வகை இருப்பது தெரிய வருவதற்குள் அவர் பல நாள் பொதுக் கழிவறைக்குப் போய் வந்திருப்பார். ஓக்ஸா-48 என்பது மெரோபெனம் மாதிரி கடைசிக் கட்ட மருந்தையே உடைக்கிற நொதி. அதை வைத்திருக்கும் கிருமி எந்த அறிகுறியும் காட்டாமல் குடலில் மாதக்கணக்கில் தங்கும். அதனால் வெளிநாட்டு மருத்துவமனையில் இருந்தவர், டயாலிசிஸ் செய்பவர் என்று ஆள் பொறுக்கக் கூடாது. வார்டுக்கு வரும் எல்லாருக்கும் முதல் நாளே மலவாயில் சுவாப் (பஞ்சுக்குச்சியால் மாதிரி) எடுக்க வேண்டும். எம்ஆர்எஸ்ஏவுக்கு (பல மருந்துக்கு அடங்காத, மூக்கிலும் தோலிலும் தங்கும் கிருமி) மூக்கிலும் அக்குளிலும் எடுக்கத்தானே செய்கிறோம்?

அகர்_தட்டு:
அந்த ஒப்பீடு பொருந்தாது. எம்ஆர்எஸ்ஏ என்று தெரிந்தால் செய்ய வேலை உண்டு: மூக்கில் 2% முபிரோசின் களிம்பு 5 நாள், கூடவே குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினிக் குளியல். சிபிஇயைக் குடலிலிருந்து துரத்த நம்பகமான வழி இல்லை, தனியறைதான். அவ்வளவு அறைக்கு எங்கே போவது? சோதனையிலும் ஓட்டை இருக்கிறது. சுவாப் நுனியில் மலம் தெரிய வேண்டும். தோலை மட்டும் தடவி அனுப்பினால் நெகட்டிவ்தான் வரும். ஆய்வகத் தட்டில் கிருமி வளர 18–24 மணி நேரம், அதற்குப் பிறகு உறுதிப்படுத்தல். நீங்கள் சொல்லும் ஓக்ஸா-48தான் இருப்பதிலேயே சிக்கலானது. மெரோபெனத்தை அது மெதுவாகத்தான் உடைக்கும். எதிர்ப்பு குறைவாக இருந்தால் தட்டில் கலந்த மருந்தே அந்தக் கிருமியைக் கொன்றுவிடும், நமக்குக் கண்ணில் படாது. பிசிஆர் (மரபணுவைத் தேடும் சோதனை) ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சொல்லும், ஆனால் தன் பட்டியலில் உள்ள மரபணுக்களை மட்டும்.

வடிகுழாய்:
இரண்டு பேரும் நோயாளியையே பார்க்கிறீர்கள். சிங்க்குக்கு அடியில் உள்ள வளைகுழாயில் எப்போதும் தண்ணீர் நிற்கும், அங்கே கிருமிப் படலம் பிடிக்கும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒளிரும் ஈ.கோலைக் கிருமியை வளைகுழாயில் விட்டுப் பார்த்தார்கள். ஆய்வு 2017இல் வெளியானது. ஊட்டம் கிடைத்ததும் படலம் நாளுக்குச் சுமார் 2.5 செ.மீ. மேலேறியது. வளைகுழாயில் இருந்தவரை தெறிக்கவில்லை. தொட்டியின் வடிகால் வாயில் உள்ள சல்லடைக்கு வந்த பிறகு குழாயைத் திறந்தால் 75 செ.மீ. வரை தெறித்தது. வார்டில் ஊட்டம் என்றால் மிச்ச மைலோ, மூக்குக்குழாய் வழி கொடுக்கும் பால், குளுக்கோஸ் மிச்சம். உடம்பு துடைத்த தண்ணீரையும் அங்கேயே கொட்டினால் கிருமியும் தீனியும் ஒன்றாகப் போய்ச் சேரும். நெதர்லாந்தில் நைமேகன் நகரத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளி அறைகளின் சிங்க்குகளையே அகற்றினார்கள். கிராம் நெகட்டிவ் கிருமி (சிபிஇயும் இந்த வகைதான்) தொற்றுவது குறைந்தது.

தெம்பனிஸ்_தாதி:
பொது வார்டில் சிங்க்கை எடுத்துவிட்டுக் கையை எங்கே கழுவுவது? ஆல்கஹால் 20–30 விநாடி தேய்த்தால் போதும், சரி. ஆனால் கையில் மலம் பட்டிருந்தாலும், சி டிஃப் (வயிற்றுப்போக்குக் கிருமி) நோயாளியைத் தொட்டிருந்தாலும் சோப்பும் தண்ணீரும் வேண்டும். ஆல்கஹாலுக்கு சி டிஃப் கிருமியின் வித்து சாகாது. எடுப்பதற்குப் பதில் ப்ளீச் ஊற்றினால் ஆகாதா?

வடிகுழாய்:
ஊற்றிய ப்ளீச் நிற்காமல் ஓடிவிடும், படலத்தின் மேல்பகுதிதான் சாகும். சில நாளில் பழையபடி வளர்ந்துவிடும். வளைகுழாயை மட்டும் மாற்றினாலும் சுவருக்குள் இருக்கும் குழாயிலிருந்து இறங்கி வரும். பொது வார்டில் எடுக்கச் சொல்லவில்லை. தண்ணீர் நேராகச் சல்லடைமேல் விழாதபடி குழாய்வாயைத் தள்ளி வையுங்கள், தொட்டி ஆழமாக இருக்கட்டும், ஊசி மருந்து கலக்கும் மேசையை 1 மீட்டருக்கு அப்பால் நகர்த்துங்கள். அந்தத் தொட்டியில் கை மட்டும் கழுவ வேண்டும். வேறு எந்தத் தண்ணீரும் பெட்பேன் கழுவும் அறைக்குப் போக வேண்டும்.

அகர்_தட்டு:
இதெல்லாம் சரி. ஆனால் சிங்க்கிலிருந்துதான் வந்தது என்று சும்மா சொல்லிவிட முடியாது. சிங்க்கில் என்டரோபாக்டர் என்ற கிருமி, நோயாளியிடம் கிளெப்சியெல்லா என்ற வேறு கிருமி, இரண்டிலும் என்டிஎம் (ஓக்ஸா-48 மாதிரி இன்னொரு நொதி) இருக்கும். பிளாஸ்மிட் (நொதியின் மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ துண்டு) ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதால். மரபணு வரிசையைப் படிக்காமல் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று தெரியாது. எல்லாருக்கும் சுவாப் எடுக்கும் செலவில் இதைச் செய்யலாம். சுவாபை, கடந்த 12 மாதத்தில் வெளிநாட்டு மருத்துவமனையில் தங்கியவர்களுக்கும், பாசிட்டிவ் ஆனவருடன் ஒரே அறையில் படுத்தவர்களுக்கும் எடுங்கள். ஒரே அறையில் இருந்தவருக்கு ஒரு நெகட்டிவ் போதாது, வாரம் ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டும்.

தெம்பனிஸ்_தாதி:
அந்த இரண்டாவது சுவாபுக்குள் அவர் தாதிமை இல்லத்துக்குப் போய்விட்டால்? அங்கே தெரிவிக்காவிட்டால், அடுத்த முறை வேறு மருத்துவமனைக்குச் சாதாரண நோயாளியாக வருவார். உங்கள் பட்டியலில் அவர் எந்த வகையிலும் வர மாட்டார். எல்லாருக்கும் வேண்டாம் என்றால், தாதிமை இல்லத்திலிருந்து வருகிறவர்களையும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போகிறவர்களையுமாவது சேருங்கள். அதற்குக் கீழே நான் இறங்க மாட்டேன்.