கல்வி அலுவலக ஜன்னலில் சந்தித்தவர்கள்: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

மாணவர் பதிவுப் பிரிவிலிருந்து

பதினொரு ஆண்டுகளாகப் பல்கலைக்கழகத்தின் மாணவர் பதிவுப் பிரிவில் இருக்கிறேன். முத்திரை குத்துவதும் கோப்பு நகர்த்துவதும்தான் எங்கள் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். என் மேசைக்கு வந்த ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் யாரோ ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். அவர்களில் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். உங்களுக்கும் அப்படி யாராவது நினைவில் இருப்பார்கள், எழுதுங்கள்.

பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகள் ஆன ஒரு பெண் வந்தார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. சான்றிதழ் சரிபார்ப்பில் நிறுத்திவிட்டார்கள். எங்கள் பட்டச் சான்றிதழில் அவருடைய பெயர் அடுத்தடுத்து இரண்டு முறை அச்சாகியிருந்தது. கடவுச்சீட்டில் ஒரே முறைதான் இருந்தது. இரண்டு ஆவணங்களும் ஒருவருடையவைதானா என்று கேட்டிருந்தார்கள். பதில் போய்ச் சேர நான்கு நாள் கெடு.

"விண்ணப்பத்தில் நீங்கள்தானே இப்படி நிரப்பினீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். இன்றும் அதை நினைத்தால் மனம் உறுத்துகிறது. அவர் குரல் உயர்த்தவில்லை. "குடும்பப் பெயர் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை அக்கா. எனக்கு ஒரு பெயர்தான். இந்த அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன். அதே பெயரை மறுபடியும் போடச் சொன்னார்கள்" என்றார்.

பழைய விண்ணப்பக் கட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கட்டத்தின் ஓரத்தில் சிவப்பு நட்சத்திரம். கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று பொருள். அவருடைய கடவுச்சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக இரண்டு வரிகள் இருக்கும், வரிக்கு 44 இடங்கள். முதல் வரியில் பெயருக்கு 39 இடங்கள். ஒற்றைப் பெயர் உடையவர் என்றால் அந்தப் பெயரை எழுதிவிட்டு மீதியை அம்பு போன்ற குறிகளால் நிரப்பிவிடுகிறார்கள். எல்லா நாட்டு எல்லையிலும் காட்டப்படும் ஓர் ஆவணத்துக்கு ஒற்றைப் பெயர் ஒரு சிக்கலாக இல்லை. எங்கள் படிவத்துக்குச் சிக்கலாகிவிட்டது.

பட்டச் சான்றிதழைத் திருத்துவது நான்கு நாளில் முடிகிற காரியம் இல்லை. விண்ணப்பம், உறுதிமொழிப் பத்திரம், பிரிவின் குறிப்பு, உதவிப் பதிவாளரின் பரிந்துரை, பதிவாளரின் ஒப்புதல், பழைய சான்றிதழை ஒப்படைத்தல், புதிய அச்சு என்று வாரக்கணக்கில் போகும். எங்கள் கண்காணிப்பாளர்தான் வழி சொன்னார். இரண்டு பெயர்களும் ஒரே மாணவரைக் குறிக்கின்றன என்று பதிவாளர் கையெழுத்துடன் ஒரு கடிதம் கொடுக்கலாம், திருத்தம் பிறகு நடக்கட்டும் என்றார்.

வரைவு எழுதி எடுத்துப் போனேன். பெயர் ஏன் இருமுறை வந்தது என்பதற்கான காரணத்தையும் ஒரு வரியில் சேர்த்திருந்தேன்: எங்கள் விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கட்டம் கட்டாயமாக இருந்ததால் மாணவர் தம் பெயரை மீண்டும் எழுத நேர்ந்தது. கண்காணிப்பாளர் அந்த வரியில் தயங்கினார். "நம் தவறை நாமே எழுதிக் கொடுப்பதா அம்மா?" என்று கேட்டார். அந்த வரி இல்லாவிட்டால் தவறு மாணவருடையது என்று ஆகிவிடும் ஐயா என்றேன். சிறிது நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கோப்பில் வைத்துச் சுருக்கொப்பம் இட்டார். நானே கையில் எடுத்துக்கொண்டு பதிவாளர் அறைக்குப் போனேன். அவர் ஒரே ஒரு சொல்லை மாற்றிவிட்டுக் கையெழுத்திட்டார்.

மாணவர் கையில் கொடுத்தனுப்பும் கடிதத்தைச் சரிபார்ப்பவர்கள் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். அதனால் அலுவலக மின்னஞ்சலிலிருந்தே நேராக அனுப்பினேன். நகலை அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். பெஞ்சில் உட்கார்ந்து மேலிருந்து கீழ்வரை படித்தார். காரணம் எழுதியிருந்த வரிக்கு வந்ததும் விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

ஆய்வுப் பிரிவிலிருந்து

அக்கா எழுதியதைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது ஒரு வாய்மொழித் தேர்வு. அதில் தவறு முழுவதும் என்னுடையது.

முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு சமர்ப்பித்த மாணவர் அவர். வெளித் தேர்வாளர்கள் இருவர், ஒருவர் ஐரோப்பாவில், மற்றவர் அமெரிக்காவில். இருவரும் இணையவழியாகக் கலந்துகொள்ள வேண்டும். பிப்ரவரியில் உட்கார்ந்து மார்ச் நடுவில் ஒரு நாளைக் குறித்தேன். எங்கள் நேரத்தை மாற்றி, "உங்கள் நேரப்படி காலை 9 மணி" என்று அமெரிக்கத் தேர்வாளருக்கு எழுதினேன்.

அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கிறார்கள். 2007 முதல் இப்படித்தான். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை. நடுவில் உள்ள இரண்டு மூன்று வாரங்களில், ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே வழக்கமாக நாம் மனத்தில் வைத்திருக்கும் நேர வித்தியாசம் பொருந்தாது. நான் குறித்த நாள் சரியாக அந்த வாரங்களுக்குள் விழுந்தது. நாங்கள் தொடங்க இருந்த நேரம் அமெரிக்கத் தேர்வாளருக்குக் காலை 10 மணி ஆகிவிட்டது.

அவர் நான் எழுதியபடியே 9 மணிக்கு இணைப்பில் வந்திருக்கிறார். யாரும் இல்லை. அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, பத்து மணிக்குத் தமக்கு வகுப்பு இருப்பதாக மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் போய்விட்டார். நான் அப்போது மன்றத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, ஒலிவாங்கியைச் சோதித்துக்கொண்டிருந்தேன். மின்னஞ்சலைப் பார்க்கவில்லை.

குறித்த நேரத்தில் நெறியாளர் வந்தார், துறைத் தலைவர் வந்தார், மாணவரின் பெற்றோர் பின்வரிசையில் வந்து அமர்ந்தார்கள். திரையில் ஐரோப்பியத் தேர்வாளர் மட்டும் இருந்தார். மாணவர் முதல் படத்தைத் திரையில் வைத்தபடி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை, பயம் இருந்தது. ஐந்து ஆண்டு உழைப்பு அன்று அந்த ஒரு மணி நேரத்தில் நின்றது.

எல்லோர் முன்னிலையிலும் நேரத்தைத் தவறாகக் கணித்தது நான்தான் என்று சொன்னேன். மாணவரிடம் தனியாகவும் சொன்னேன். அமெரிக்கத் தேர்வாளர் வகுப்பு முடிந்ததும் வந்து சேர்ந்தார், பெருந்தன்மையோடு ஒரு வார்த்தைகூடக் குறைப்படவில்லை. தேர்வு நடந்தது, மாணவர் தேர்ச்சி பெற்றார். ஆனால் காத்திருந்த நேரம் முழுவதும் அவர் தம் குறிப்புத் தாளின் ஓரத்தைச் சின்னச் சின்னதாகக் கிழித்துக்கொண்டே இருந்தார். கூட்டம் கலைந்த பிறகு அந்தத் துண்டுகளை நான்தான் பொறுக்கினேன்.

இப்போதெல்லாம் அழைப்பில் எங்கள் நேரம், அவர்கள் நேரம், எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒருங்கிணைந்த உலக நேரம் (யூடிசி) மூன்றையும் எழுதுகிறேன். தேர்வு நடக்கும் தேதியைப் போட்டுத்தான் நேரத்தை மாற்றிப் பார்க்கிறேன். முதல் நாள் மாலை ஒரு நினைவூட்டலும் போகும்.

புல அலுவலகத்திலிருந்து

என்னுடையது சிறிய சம்பவம். ஆண்டறிக்கைக்காக ஆசிரியர்களின் ஆர்க்கிட் எண்களைத் திரட்டினோம். ஆய்வாளர்களுக்கு 2012 முதல் வழங்கப்படுகிற அடையாள எண் அது. நான்கு நான்காகப் பிரிந்த 16 இடங்கள், இடையில் கோடு. பார்க்க நீளமாக இருக்கிறதே என்று யாரோ கோடுகளை எல்லாம் எடுத்துவிட்டு எக்செல் தாளில் ஒட்டிவிட்டார்கள்.

சில நாள் கழித்து இளம் ஆசிரியை ஒருவர் வந்தார். அந்த எண்களை வைத்தே திரட்டிய பதவி உயர்வுக்கான பட்டியலில் அவருடைய கட்டுரைகள் ஒன்றுகூட இல்லை. அவர் எதுவும் எழுதவில்லை என்றே அந்தப் பட்டியல் சொன்னது. அந்த ஆண்டு மட்டும் மூன்று கட்டுரைகள் வெளியிட்டிருந்தார். கையில் மூன்றின் முதல் பக்கத்தையும் அச்சிட்டு வைத்திருந்தார்.

தாளைத் திறந்து இருவரும் சேர்ந்து பார்த்தோம். அந்த எண்கள் பூஜ்யத்தில் தொடங்குபவை. எக்செல் அதை வெறும் எண் என்று எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள பூஜ்யங்களை எல்லாம் விழுங்கியிருந்தது. சிலருடைய எண் மட்டும் சேதமில்லாமல் இருந்தது. ஏன் என்று முதலில் புரியவில்லை. ஆசிரியைதான் கண்டுபிடித்தார். கடைசி இடம் சரிபார்ப்புக்கானது. அங்கே இலக்கத்துக்குப் பதில் 'எக்ஸ்' என்ற எழுத்தும் வரலாம். அந்த எழுத்து இருந்த வரிசைகளை எக்செல் எண்ணாகக் கருதவில்லை, அப்படியே விட்டுவிட்டது.

அவர் உயிரியல் துறை. மனித மரபணுக்களின் பெயர்களையே எக்செல் தேதியாக மாற்றிவிடுவதால், பெயரிடும் குழு 2020இல் சில பெயர்களை மாற்றியதாகச் சொன்னார். எக்செல் செப்டம்பர் 1 என்று எடுத்துக்கொண்ட 'செப்ட்1' என்பது 'செப்டின்1' ஆகிவிட்டதாம். அவ்வளவு பெரிய ஆய்வுலகமே அந்தச் சிக்கலில் மாட்டியிருக்கிறது என்று அவர் சொன்னது என்னைத் தேற்றுவதற்காகத்தான். நியாயமாகப் பார்த்தால் தேற்ற வேண்டியவள் நான். இப்போது எந்தப் பட்டியலாக இருந்தாலும் தரவை ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை 'உரை' என்று மாற்றிவிடுகிறேன். மாணவர்களின் பதிவெண்ணுக்கும் இதேதான்.

கூட்டங்கள் பிரிவிலிருந்து

கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது என் பணி. எனக்கு முன்பிருந்தவர் எழுதிய ஒரு சொல்லால் ஒரு மாணவருக்குப் பட்டம் தள்ளிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு விருப்பப் பாடத்தைப் பாடத்திட்டக் குழு பரிந்துரைத்து, கல்விப் பேரவைக்கு அனுப்பியது. பேரவையில் பேசி முடித்து ஏற்றுக்கொண்டார்கள். குறிப்பில் "விவாதிக்கப்பட்டது" என்று மட்டும் எழுதப்பட்டது. பாடம் நடந்தது, தேர்வு நடந்தது, மதிப்பெண்ணும் வந்தது. பட்டம் கொடுக்கும் நேரத்தில் தணிக்கை செய்தவர், அந்தப் பாடத்துக்கு ஒப்புதலே இல்லையே என்று நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. தாளில் இருப்பதைத்தான் அவர் பார்க்க முடியும்.

பழைய நிகழ்ச்சி நிரல் கட்டுகளைப் புரட்டினேன். மூன்றாம் நாள் ஓர் உறுப்பினரின் நகல் கிடைத்தது. அந்தப் பொருளுக்கு நேராகப் பென்சிலில் "ஏற்பு" என்று எழுதியிருந்தார். அதை வைத்து அடுத்த பேரவையில் குறிப்பைத் திருத்தி வாங்கினோம். அதற்குள் பட்டமளிப்பு முடிந்துவிட்டது. மாணவருக்குச் சான்றிதழ் தபாலில்தான் போனது.

விவாதிக்கப்பட்டது, தகவலுக்காக ஏற்கப்பட்டது, பரிந்துரைக்கப்பட்டது, ஒப்புதல் அளிக்கப்பட்டது. இந்த நான்கும் நான்கு வேறு விளைவுகள். இப்போது கூட்டம் கலைவதற்கு முன்பே ஒவ்வொரு பொருளுக்கும் முடிவு என்ன என்று தலைவரிடம் வாய்விட்டுக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். சிலருக்கு எரிச்சலாக இருக்கிறது. பரவாயில்லை.

மாணவர் உதவி மேசையிலிருந்து

ஒரு தாய் தொலைபேசியில் அழைத்தார். மகன் மூன்று வாரமாகப் பேசவில்லையாம். வகுப்புக்கு வருகிறானா, தேர்வு எழுதினானா என்று கேட்டார். எதையும் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. வயது வந்த மாணவரின் பதிவுகள் அவருக்கே உரியவை. பல நாடுகளில் இது சட்டமாகவே இருக்கிறது. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாணவருக்குப் பதினெட்டு வயது ஆனாலோ உயர்கல்வியில் சேர்ந்துவிட்டாலோ அந்த உரிமை பெற்றோரிடமிருந்து மாணவரிடம் போய்விடுகிறது. அந்த விதி தேவை என்று நான் நம்புகிறேன். அன்று அதைச் சொல்லும்போது தொண்டை அடைத்தது.

"மதிப்பெண் வேண்டாம் அம்மா, அவன் நன்றாக இருக்கிறானா என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

சொல்ல முடியாது என்று ஒரே வார்த்தையில் முடித்து வைத்துவிட மனம் வரவில்லை. எது என்னால் முடியாது, எது முடியும் என்று பொறுமையாக விளக்கினேன். நீங்கள் அழைத்ததை இன்றே உங்கள் மகனிடம் சேர்க்கிறேன், மாணவர் நல ஆலோசகரிடமும் தெரிவிக்கிறேன் என்றேன். எண்ணைத் திரும்பப் படித்துக் காட்டினேன். வைப்பதற்கு முன் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

மறுநாள் மதியம் அந்தப் பையன் வந்தான். துண்டுச் சீட்டை நீட்டினேன்: "அம்மா அழைத்தார்கள். இந்த எண்ணுக்குப் பேசச் சொன்னார்கள்." அவனுக்குத் தெரியாத எண்ணா அது. இருந்தாலும் நெடுநேரம் அதைப் பார்த்தான். பிறகு நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளி வராந்தாவுக்குப் போனான். கண்ணாடி வழியாக அவன் முதுகு மட்டும் தெரிந்தது. காதில் கைபேசி இருந்தது.

மீண்டும் மாணவர் பதிவுப் பிரிவிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று இருவர் கேட்டிருந்தீர்கள். கடிதத்தை ஏற்றுக்கொண்டார்கள், போய்ச் சேர்ந்துவிட்டார். திருத்திய சான்றிதழை அவருடைய தங்கை வந்து வாங்கிப் போனார்.

பெயர்ப் பிழை வராமல் இருக்க என்ன செய்கிறேன் என்றும் கேட்டிருந்தீர்கள். அச்சுக்குப் போகும் முன் ஒரு மாதிரித் தாளை மாணவர் கையில் கொடுத்து, பெயரை எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். நான் படித்துக் காட்டினால் சரி சரி என்று தலையாட்டிவிடுகிறார்கள். அவர்களே படிக்கும்போதுதான் பிழை கண்ணில் படுகிறது. படித்த பிறகு அந்தத் தாளிலேயே கையெழுத்து.

படிவத்தில் இருந்த சிவப்பு நட்சத்திரத்தை எடுக்கச் சொல்லி மூன்று குறிப்புகள் வைத்தேன். முதல் குறிப்புக்குப் பதில் இல்லை. இரண்டாவது "பரிசீலனையில்" என்று திரும்பியது. மூன்றாவதோடு அந்தப் பெண்ணின் கடித நகலையும் இணைத்தேன். சென்ற சேர்க்கையின்போது, குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்த விண்ணப்பம் ஒன்று முதன்முறையாக என் திரைக்கு வந்தது. பெயரைக் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டேன்.